குழாயை நல்லாத் திறங்க

மாடி வீட்டு அக்காவின் கையிலிருந்து வெந்நீர்ப் பானை விழுந்த சத்தம், கீழே ஓடிக்கொண்டிருந்த என் தையல் மெஷினைத் தாண்டிக் கேட்டது. துணியை அப்படியே ஊசியில் விட்டுவிட்டு ஓடினேன். சமையலறைக்கும் குளியலறைக்கும் நடுவில் இருக்கிற ஒடுக்கமான நடையில், சுவரைப் பிடித்துக்கொண்டு அக்கா நின்றிருந்தார். தரையெல்லாம் ஆவி. இடது பாதம் சிவந்துவிட்டது.

"ஒண்ணுமில்ல, நீ போ. பானை நசுங்கியிருக்கான்னு மட்டும் பாரு" என்றார்.

அக்கா இப்படித்தான். கால் வெந்து கொப்புளம் வந்தாலும் கவலை பானையைப் பற்றித்தான் இருக்கும். நானே குளிர்ந்த தண்ணீர் ஊற்றினேன், நானே ஆட்டோ பிடித்தேன், ஆஸ்பத்திரியில் நானே சத்தம் போட்டேன். அவர் பெஞ்சில் உட்கார்ந்து, என் தையல் வேலை கெட்டுப்போச்சே என்று வருத்தப்பட்டுக்கொண்டிருந்தார்.

அவர் வேலை பார்ப்பது கடற்கரைப் பக்கம் இருக்கிற இறால் ஷெட்டில். ஷெட் என்று நாங்கள்தான் சொல்வோம். அங்கே வேலை செய்கிறவர்கள் கம்பெனி என்பார்கள், கொஞ்சம் நிமிர்ந்துகொண்டே சொல்வார்கள். எவர்சில்வர் மேசை, அதில் ஐஸ் தூளோடு கொட்டிய இறால், முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ். தலையைத் திருகி, ஓட்டுக்குள் கட்டைவிரலை விட்டு, ஒரே இழுப்பில் உரித்து, முதுகு நரம்பை எடுத்துவிட வேண்டும். கையுறை கொடுப்பார்கள். போட்டால் வேகம் குறையும் என்று அக்கா கழற்றி இடுப்பில் செருகிக்கொள்வார். அவர் மேசைதான் எப்போதும் முதலில் காலியாகும். இதை அவர் வாயால் சொன்னதில்லை. அவரோடு வேலை பார்க்கிற பெண்கள், என்னிடம் துணி தைக்கக் கொடுக்க வரும்போது புகைச்சலோடு சொல்வார்கள்.

அத்தனை வருடம் ஐஸில் கிடந்த கை சும்மா இருக்குமா? கொஞ்ச காலமாகக் காலையில் விரல்கள் மடங்குவதில்லை. டம்ளரை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துக் குடிப்பார். பாட்டில் மூடியைத் திறக்க மகளைக் கூப்பிடுவார், அவள் இல்லையென்றால் மூடியை வெறுமனே பார்த்துக்கொண்டிருப்பார். டாக்டர் இரண்டு விஷயம் சொன்னார். ஐஸ் வேலையை விட வேண்டும், காலையும் மாலையும் ஓடுகிற வெந்நீரில் கையைக் காட்ட வேண்டும். அக்கா இரண்டாவதை மட்டும் காதில் வாங்கினார். அதனால்தான் அந்தப் பானை.

இதற்கு நடுவில் கம்பெனி சூப்பர்வைசர் வேறு. "மேசையில வேகம் குறைஞ்சுபோச்சும்மா. சரியாகலன்னா தரை கழுவுற பக்கம் மாத்திடறேன்" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டான்.

அக்கா என்னிடம் சொன்னார்: "தரை கழுவறது கேவலம்னு சொல்லல. ஆனா என் மேசையில இன்னொருத்தி நின்னு உரிக்க, நான் அவ காலடியில தண்ணி அடிச்சுக்கிட்டு நிக்கணுமா? அதுக்கு நானே வேலையிலேருந்து நின்னுக்குவேன்."

அதைச் சொல்லும்போது அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. காஜா எடுக்கிற சாக்கில் குனிந்துகொண்டேன்.

அக்காவின் வீட்டுக்காரர் பஸ் டிரைவர். தெருவில் எல்லோருக்கும் அவர் டிரைவர் அண்ணன். ஆள் நல்லவர், குரல்தான் பஸ்ஸை விடப் பெரியது. ரகசியம் பேசினாலும் எதிர்வீட்டுக்காரர் பதில் சொல்லிவிடுவார். பானை விழுந்த அன்று மாலை ஸ்டூலைப் போட்டு ஏறி, அதைப் பரணில் தூக்கி வைத்தார்.

"இனிமே இந்த வீட்டுல யாரும் வெந்நீர் தூக்கக் கூடாது. குழாயத் திறந்தா சுடச்சுட வரணும். நான் பண்ணிக் காட்டறேன் பாரு" என்றார்.

கடைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார்கள். விற்பனைப் பையன் வரிசையாகக் காட்டினான். தொட்டி வைத்த ஹீட்டர் முதலிலேயே அடிபட்டுப்போனது. எங்கள் கட்டடத்துச் சுவரில் காலண்டர் மாட்டினாலே காரை உதிர்கிறது, அதில் ஒரு தொட்டித் தண்ணீரைத் தொங்கவிட்டால் குளிக்கிறவர் கதி என்ன? அடுத்தது மின்சாரத்தில் ஓடுகிற, தொட்டி இல்லாத சின்னப் பெட்டி.

"வீட்டு ஒயரிங் பழசா சார்?" என்று பையன் கேட்டான்.

"அயர்ன் பாக்ஸ் போட்டா டிவி மங்கும்" என்றார் அண்ணன்.

"அப்ப இது வேணாம். கேஸ் எடுங்க. குளிக்கிற ரூமுக்குள்ள மட்டும் மாட்டவே கூடாது, காத்து வர்ற எடத்துல வெளிச்சுவர்லதான் மாட்டணும். பின்னால பால்கனி இருக்குல்ல? போதும்."

அக்கா அந்த வெள்ளைப் பெட்டியின் பின்பக்கம் போய் எட்டிப் பார்த்தார். "இதுல தண்ணி எங்கப்பா நிக்கும்?"

"நிக்கவே நிக்காதும்மா. போற போக்குல சூடாகிடும். குழாயத் திறந்தா அதுவே பத்திக்கும், மூடினா அதுவே அணைஞ்சிடும்."

"நான் திறந்தேன்னு அதுக்கு எப்படித் தெரியும்?"

பையன் சிரித்தான். "தெரியும்மா. தண்ணி ஓடறது அதுக்குத் தெரியும்."

அக்காவுக்குத் திருப்தி இல்லை. கடையை விட்டு வெளியே வந்ததும் என் காதில், "ஆள் யாருன்னு பாத்துப் பத்திக்குமாம், நம்பற மாதிரியா இருக்கு?" என்றார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை என்பதை அப்போது நான் கவனிக்கவில்லை.

பொருத்துகிறவர் வந்த அன்று அண்ணன் லீவு போட்டிருந்தார், நானும் மேலே போயிருந்தேன். பொருத்துகிறவர், பல்லிடுக்கில் எப்போதும் ஒரு குச்சி வைத்துக்கொண்டு பேசுகிற ஆள். பால்கனிச் சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்து, காரை பிடிக்கிற இடமாகத் தேடித் துளை போட்டார். தூசி முழுக்க என் துவைக்கிற கல்மேல் விழுந்தது. தண்ணீர்க் குழாயைச் சேர்த்து, கேஸ் குழாயை இழுத்து, மூட்டுகளில் சோப்பு நுரை தடவி, குமிழி வருகிறதா என்று கண்ணை அருகில் கொண்டுபோய்ப் பார்த்தார். அண்ணனும் அவர் தோளுக்கு மேலிருந்து பார்த்தார். இரண்டு பேர் கண்ணிலும் குமிழி படவில்லை. கடைசியாக பாட்டரி போட்டு, அண்ணனைக் குளியலறைக் குழாயைத் திறக்கச் சொன்னார்.

டிக் டிக் டிக் டிக்... புப்.

சின்னக் கண்ணாடிக்குப் பின்னால் நீல நெருப்பு வரிசையாக எழுந்தது. குழாயைத் திறந்துவிட்டு ஓடிவந்த அண்ணனின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! முதல் பஸ்ஸை ஸ்டார்ட் செய்த அன்றுகூட அப்படிச் சிரித்திருக்க மாட்டார்.

"அவ்ளோதான். ஒண்ணே ஒண்ணு, குழாய நல்லாத் திறக்கணும், மறந்துடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் பொருத்துகிறவர் கிளம்பினார்.

அக்கா தலையாட்டினார். நல்லாத் திறக்க வேண்டும் என்பது அவருக்குப் புரிந்துதான் இருந்தது. யார் யாருக்கு எது நல்லா என்பதுதான் எங்கள் யாருக்கும் தெரியவில்லை.

அந்தப் பெட்டி என் துவைகல்லுக்கு நேர் மேலே இருந்ததால், மாடியில் யார் எப்போது குளிக்கிறார்கள் என்பது எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. விடியும்போது அண்ணன். டிக் டிக், புப், பிறகு வெள்ளம். பிறகு மருந்துக்கடையில் வேலை பார்க்கிற மகள். டிக் டிக், புப், கூடவே பாட்டு. என் காது கொஞ்சம் நீளம் என்று என் வீட்டுக்காரர் சொல்வார். இருக்கட்டும், அதனால் யாருக்கும் நஷ்டம் இல்லை.

இரண்டாம் நாளே அக்கா சொல்லிவிட்டார்: "ஏங்க, எனக்கு வெந்நீர் வரலை."

அண்ணன் போனார். பஸ் கியர் பிடிக்கிற கை, குழாயை ஒரே முறுக்கு முறுக்கியது. டிக் டிக், புப். "இந்தா, கொதிக்குதே! என்ன வரலங்கற?"

அடுத்த வாரம் மறுபடி சொன்னார். பொருத்துகிறவர் வந்தார். அவரும் ஒரே முறுக்கு. அவருக்கும் வந்தது. "கொஞ்ச நேரம் பொறுத்துப் பாருங்கம்மா, சூடு வர நேரமாகும்" என்று குச்சியை மாற்றிக் கடித்துக்கொண்டு போய்விட்டார். அக்கா பொறுத்துப் பார்த்தார். மாலையில் ஷெட்டிலிருந்து வந்து, இறால் வாடையோடு, குளிர்ந்த தண்ணீரில் கையை நீட்டிக்கொண்டு அந்தச் சின்ன அறையில் நின்று பொறுத்துப் பொறுத்துப் பார்த்திருக்கிறார். இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் வருகிறது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

மூன்றாவது தடவை அவர் சொல்லவில்லை. "இப்ப வருதா?" என்று அண்ணன் கேட்டால், "ம், நல்லா வருது" என்று சொல்ல ஆரம்பித்தார்.

என்னிடம் மட்டும் ஒருநாள், பொத்தான் போட முடியாத சட்டையைக் கொடுத்து அதில் கொக்கி வைத்துத் தரச் சொல்ல வந்தபோது, தாழ்ந்த குரலில் சொன்னார்: "அது எல்லாருக்கும் பத்துது, எனக்குப் பத்தலடி. ஐஸ் தொட்ட கைன்னு அதுக்குத் தெரியுதோ என்னமோ."

"என்னக்கா பேசறீங்க? மெஷினுக்குக் கையா தெரியும்?"

"தண்ணி ஓடறது தெரியும்னு அந்தப் பையன் சொல்லலையா?"

வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். தைலம் தடவுவது, பாட்டரி மாற்றுவது, இன்னொரு டாக்டர் என்று என்னென்னமோ யோசனை சொல்லி அனுப்பினேன்.

பிறகுதான் அந்தச் சண்டை. அண்ணன் வண்டி பழுதாகி டிப்போவுக்குப் போய்விட்டதால் பகலிலேயே வீட்டுக்கு வந்தார். அக்கா அடுப்பில் டீ போடுகிற பாத்திரத்தில் தண்ணீரைச் சுடவைத்து, அதில் நான்கு நான்கு விரலாக நனைத்துக்கொண்டிருந்தாராம். நனைத்துக்கொண்டிருந்தாராம் என்று நான் சொல்லக் காரணம், நான் பார்க்கவில்லை, கேட்டேன். தெருவே கேட்டது.

"இது என்ன?"

"சும்மா... கை கொஞ்சம்..."

"வெளிய ஒரு பெட்டி தொங்குதே, அது எதுக்கு? அழகுக்கா?"

"சத்தம் போடாதீங்க."

"நான் வாங்கினது புடிக்கலன்னா மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல? எங்கிட்ட நல்லா வருதுன்னு சொல்லிட்டு, இங்க ஒளிச்சு ஒளிச்சுச் சுடவைக்கற! இன்னொரு தடவ கால்ல ஊத்திக்கணுமா? உனக்காகத்தானே ஓடி ஓடி..."

"வரலங்க."

"எனக்கு வருது, அவளுக்கு வருது, மாட்டினவனுக்கு வருது. உனக்கு மட்டும் வராதா?"

பாத்திரத்துத் தண்ணீரைக் கொட்டுகிற சத்தம் கேட்டது. அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சு இல்லை. அந்த மனிதரின் குரல் மாடியில் கேட்காமல் போனது எங்களுக்கே ஒருமாதிரி இருந்தது. எதிர்வீட்டுக்காரர் வந்து, டிரைவர் ஊரில் இல்லையா என்று விசாரித்தார். மகள்தான் நடுவில் தபால்காரி மாதிரி அலைந்தாள். அம்மா சாப்பிடச் சொல்றாங்கப்பா, அப்பா சாவி எங்கன்னு கேக்கறாரும்மா.

கடைசியில் அக்கா என் வாசற்படியில் வந்து உட்கார்ந்தார். கால் கொப்புளம் ஆறி, தோல் கறுத்திருந்தது. கையை மடியில் வைத்திருந்தார், தன்னுடையது இல்லை என்பது போல.

"நாளைக்குச் சூப்பர்வைசர்கிட்ட சொல்லிடலாம்னு இருக்கேன். நின்னுக்கறேன்னு."

"அண்ணனுக்குத் தெரியுமா?"

"பேசினாத்தானே சொல்றதுக்கு."

"இன்னும் கொஞ்ச நாள் பாருங்கக்கா. வெந்நீர் காட்டிக்கிட்டே வந்தா..."

"எந்த வெந்நீர்?" என்றார். எழுந்து மாடிக்குப் போனார்.

நான் பின்கட்டுக்குப் போய்த் துவைக்க உட்கார்ந்தேன். மேலே அக்கா குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்துகிற சத்தம். பக்கெட்டில் தண்ணீர் விழுகிறது. நான் சட்டைக் காலரைத் தேய்த்துக்கொண்டே காத்திருந்தேன். எதற்குக் காத்திருக்கிறோம் என்று எனக்கே தெரியாமல் காத்திருந்தேன். அப்புறம் உறைத்தது. டிக் டிக் வரவில்லை. இன்றைக்கு மட்டும் இல்லை, இத்தனை நாளில் அக்கா குளிக்கிற நேரத்தில் அது ஒரு தடவைகூட வந்ததில்லை. இவ்வளவு நீளக் காதை வைத்துக்கொண்டு, வருகிற சத்தத்தை எல்லாம் கணக்கில் வைத்த நான், வராத சத்தத்தைக் கவனிக்கவே இல்லை.

அண்ணன் அப்போதுதான் வேலை முடிந்து காக்கிச் சட்டையோடு படியேறிக்கொண்டிருந்தார். ஈரக் கையோடு ஓடி வழிமறித்தேன்.

"அண்ணே, அக்கா குளிக்கும்போது அந்தப் பெட்டி பத்தவே மாட்டேங்குது."

"ஏன் தங்கச்சி, எங்க வீட்டு பாத்ரூமையா ஒட்டுக் கேக்கற?"

"ஆமா, ஒட்டுத்தான் கேக்கறேன். இப்பப் போய்ப் பால்கனியில நில்லுங்க. அக்கா உள்ளதான் இருக்காங்க."

முறைத்தார். ஆனால் போனார். நான் திரும்பித் துவைகல்லில் வந்து உட்கார்ந்தேன், தேய்க்கவில்லை. மேலே கம்பிக்குப் பின்னால் அவர் தலை தெரிந்தது. கண்ணாடிக்குள் குனிந்து பார்த்தார். கையை வைத்துப் பார்த்தார். வெளியே வந்திருந்த குழாயைத் தொட்டுப் பார்த்தார். பால்கனியில் இருந்து குளியலறைக்கு ஒரு சின்ன ஜன்னல் உண்டு. அதன் பக்கம் திரும்பினார்.

"ஏம்மா." பல நாளுக்குப் பிறகு அவர் நேராகப் பேசிய முதல் வார்த்தை அது. "குழாய எவ்ளோ திறந்திருக்க?"

"எப்பவும் போலத்தான்."

"எப்பவும் போலன்னா?"

"நல்லாத்தான் திறந்திருக்கேன். நூலுக்கும் மேல."

அண்ணன் ஜன்னலை நெருங்கினார். "நூலா?"

"நீங்க சொன்ன அளவுதாங்க. அதுக்கும் மேலயே திறந்திருக்கேன்."

"நான் எப்போ சொன்னேன்?"

"கல்யாணமாகி வந்த புதுசுல. லாரித் தண்ணி. ட்ரம்முல ஒரு குழாய் வச்சிருந்தீங்கல்ல? நான் திறந்துவிட்டுப் பாத்திரம் கழுவினேன். உங்க அண்ணன், தம்பி எல்லாரும் இருந்தாங்க. தண்ணி என்ன உன் அப்பன் வீட்டுலேருந்தா வருது, நூல் மாதிரித் திறன்னு கத்தினீங்க."

எனக்கு அந்தப் பேச்சு கேட்டிருக்க வேண்டாம் என்று இருந்தது. எழுந்து போகவும் முடியவில்லை. அண்ணன் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"திற" என்றார். "இன்னும் திற."

தண்ணீர்ச் சத்தம் கொஞ்சம் தடித்தது.

"பக்கெட் நெறஞ்சிடுங்க."

"நெறையட்டும். திற."

"வழியுது."

"வழியட்டும்! வா... வா... இன்னும் வரலாம்..." பின்னால் எடுக்கிற பஸ்ஸுக்குச் சொல்கிற மாதிரியே சொல்ல ஆரம்பித்துவிட்டார். அவருக்கு வேறு பாஷை தெரியாது. "வரட்டும்... வரட்டும்... இன்னும் வரட்டும்..."

டிக். நின்றது. உள்ளே அக்கா பயந்துபோய்க் குறைத்துவிட்டார்.

"மூடாத! ஒண்ணும் ஆகாது. வா... வா..."

டிக் டிக் டிக் டிக்... புப்.

"ரைட்!" என்று அண்ணன் கத்தினார்.

பிறகு வெகுநேரம் வெறும் தண்ணீர்ச் சத்தம்தான். அக்கா அழுதாரா, சும்மா நின்றாரா, எனக்குத் தெரியாது. அந்தச் சத்தத்தின் நடுவில் அவர் குரல் வந்தது. கோபமே இல்லாத குரல். அதுதான் தாங்க முடியவில்லை.

"அப்புறம் லாரி நின்னுச்சு. பைப் போட்டாங்க, மேல டேங்க் கட்டினாங்க. நீங்க எல்லாரும் திறந்துக்கிட்டீங்க. எங்கிட்ட யாரும் சொல்லலியே."

அண்ணன் ஏதோ முனகினார். கீழே இருந்த எனக்கே கேட்கவில்லை.

"என்ன? தண்ணி சத்தத்துல ஒண்ணும் கேக்கலைங்க!"

"நான் சொல்லியிருக்கணும்னேன்."

"கேக்கல!"

"நான்தான் சொல்லியிருக்கணும்! தப்பு எம்மேலதான்! திறந்துக்கோ, எவ்ளோ வேணுமோ திறந்துக்கோ!"

எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. டிரைவர் ஊரில்தான் இருக்கிறார் என்று தெரிந்துகொண்டு மூடிக்கொண்டது.

உள்ளே கொஞ்ச நேரம் கழித்து, "நாளைக்கு எனக்கும் சேத்துச் சாப்பாடு கட்டச் சொல்லுங்க நம்ம பொண்ணுகிட்ட" என்றார் அக்கா. "கட்டைவிரல் கொஞ்சம் மடங்குது. கேட்டுத்தான் பாக்கறேன், இன்னும் ஒரு மாசம் அந்த மேசையிலயே இருக்கேன்னு."

"கையுறை போட்டுக்கணும்."

"வேகம் குறையும்."

"குறையட்டும்."

"சரி, பாக்கலாம்" என்றார். குழாயை மூடவில்லை.

மேலே அப்படித் திறந்ததும் கீழே என் குழாயில் தண்ணீர் சன்னமாகிவிட்டது. அலசாத துணி பக்கெட் நிறையக் கிடந்தது. வேறு நாளாக இருந்தால் மாடியைப் பார்த்து ஒரு சத்தம் போட்டிருப்பேன். வந்துகொண்டிருந்ததையும் மூடிவிட்டு, அக்கா குளித்து முடிக்கிற வரைக்கும் சோப்புக் கையோடு அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.